ஒளிக்கு ஓர் இணைப்பகம்

தொலைபேசியில் ஒருவரை அழைக்கிறோம். அவர் ஏற்கெனவே வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தால் நமக்கு இணைப்புக் கிடைக்காது. இது நியாயமே. ஆனால் இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. உங்கள் தொலைபேசி காலியாக இருக்கிறது. நண்பருடைய தொலைபேசியும் காலியாக இருக்கிறது. இருந்தும் இணைப்புக் கிடைப்பதில்லை. 'இந்தத் தடத்தில் எல்லா வழிகளும் உபயோகத்தில் உள்ளன' என்ற பொருளில் ஒரு குரல் கேட்கிறது. உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அந்நாளில் வெளியூர் அழைப்புகளில் இந்தக் குரலைப் பலமுறை கேட்டதாகச் சொல்வார்கள்.

இரு முனைகளும் காலியாக இருந்தும் நடுவில் வழி இல்லாமல் போவதற்குத் 'தடை' என்று பெயர். எந்த நிலையிலும் தடை நேராதபடி அமைந்த இணைப்பகத்தைத் 'தடையிலா இணைப்பகம்' என்கிறோம். அப்படி ஒன்றைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு சாமான் வேண்டும்? தொலைபேசிக்கு இதன் விடை 1953ஆம் ஆண்டில் கிடைத்தது. இன்றைய பெரிய இணைப்பகங்களின் வழியே போவதோ கண்ணாடி இழையில் வரும் ஒளி. அந்த ஒளிக்கும் பழைய விடை பொருந்துமா? இதைத்தான் இக்கட்டுரையில் கணக்கிட்டுப் பார்க்கப் போகிறோம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சதுரப் பலகை

முதலில் இணைப்பகங்களில் ஆட்கள் அமர்ந்து, செருகிகளைக் கையால் மாட்டி இணைத்தார்கள். 1891இல் அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் தானியங்கிச் சுவிட்ச் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பொறியாளர் அல்லர். இறந்தவர்களின் அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து தருவது அவர் தொழில். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்தில் லா போர்ட்டே என்னும் ஊரில் அவருடைய முறையைக் கொண்டு ஒரு தானியங்கி இணைப்பகம் இயங்கத் தொடங்கியது. பின்னர் இன்னொரு வகைச் சுவிட்ச்சும் வந்தது. அதில் குறுக்காகச் சில கம்பிகள், நெடுக்காகச் சில கம்பிகள். அவை ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தொடுமுனை. அந்த இடத்தைச் 'சந்திப் புள்ளி' என்போம்.

உள்ளே வரும் வழிகள் 100, வெளியே போகும் வழிகள் 100 என்று கொள்வோம். 100 குறுக்குக் கம்பிகளும் 100 நெடுக்குக் கம்பிகளும் வெட்டும்போது 100 × 100 = 10,000 சந்திப் புள்ளிகள் கிடைக்கும். இந்தச் சதுரப் பலகையில் தடை என்பதே இல்லை. காலியான எந்த வழியையும் காலியான எந்த வழியோடும் சேர்க்க அதற்கென்றே ஒரு புள்ளி காத்திருக்கிறது. ஆனால் வழிகள் 10,000 ஆனால் புள்ளிகள் 10 கோடி! அவற்றுள் ஒரே சமயத்தில் வேலை செய்யக்கூடியவை அதிகபட்சம் 10,000 தான். மற்றவை சும்மா கிடக்கும்.

இதற்காகப் பொறியாளர்கள் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. ஆகவே வழிகளைக் குறைத்து வைத்தால் சில அழைப்புகள் மட்டுமே தடைபடும். எத்தனை தடைபடும் என்பதை நிகழ்தகவு கொண்டு கணிக்கும் இயலை டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1909 முதல் வளர்த்தார். அது சிக்கனமான வழி. ஆனால் உறுதி தராத வழி. உறுதியும் வேண்டும், சிக்கனமும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

குளோஸின் கணக்கு

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் குளோஸ் 1953இல் இதற்கு விடை தந்தார். ஒரே பெரிய பலகைக்குப் பதிலாகச் சிறு பலகைகளை மூன்று அடுக்குகளாக வையுங்கள் என்றார் அவர். சிறு பலகை ஒவ்வொன்றையும் 'பெட்டி' என்று அழைப்போம்.

உள்ளே வரும் 100 வழிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, 10 முதற்பெட்டிகளில் விடுங்கள். வெளியே போகும் 100 வழிகளையும் அவ்வாறே 10 கடைப்பெட்டிகளில் சேருங்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் சில நடுப்பெட்டிகள். ஒவ்வொரு முதற்பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு நடுப்பெட்டிக்கும் ஒரே ஒரு கம்பி. ஒவ்வொரு நடுப்பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு கடைப்பெட்டிக்கும் ஒரே ஒரு கம்பி. தடையே வரக்கூடாது என்றால் நடுப்பெட்டிகள் எத்தனை வேண்டும்?

சிறிய எண்ணில் தொடங்குவோம். பெட்டிக்கு 3 வழிகள் என்று கொள்ளுங்கள். முதற்பெட்டி ஒன்றில் உள்ள ஒரு வழி, ஒரு குறிப்பிட்ட கடைப்பெட்டியில் உள்ள ஒரு வழியை நாடுகிறது. முதற்பெட்டியில் அதன் அண்டை வழிகள் இரண்டும் வேலையில் இருக்கலாம். அவை 1ஆம், 2ஆம் நடுப்பெட்டிகளுக்குப் போகும் கம்பிகளைப் பிடித்திருக்கும். அந்தப் பக்கம் கடைப்பெட்டியிலும் அண்டை வழிகள் இரண்டு வேலையில் இருக்கலாம். நம் கெட்ட காலம், அவை 3ஆம், 4ஆம் நடுப்பெட்டிகளிலிருந்து வரும் கம்பிகளைப் பிடித்திருக்கின்றன. 1, 2 ஆகியவற்றுக்கு நம்மால் போக முடியாது. 3, 4 ஆகியவற்றுக்குப் போனால் வெளியேற முடியாது. ஐந்தாவது நடுப்பெட்டி ஒன்று இருந்தால் நாம் பிழைத்தோம். இதைவிடக் கெட்ட நிலை நேரவே முடியாது. ஏனெனில் அண்டை வழிகள் அவ்வளவுதான்.

பொதுவாகச் சொன்னால், பெட்டிக்கு ந வழிகள் என்க. இந்தப் பக்கம் ந − 1 அண்டைகள்; அந்தப் பக்கம் ந − 1 அண்டைகள். எல்லாம் வெவ்வேறு நடுப்பெட்டிகளைக் கெடுத்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். எனவே வேண்டிய நடுப்பெட்டிகள்:

ம = 2(ந − 1) + 1 = 2ந − 1

நமது 100 வழி இணைப்பகத்தில் ந = 10; ஆகவே ம = 19. புள்ளிகளை எண்ணுவோம். முதற்பெட்டிகள் 10, ஒவ்வொன்றிலும் 10 × 19 புள்ளிகள், மொத்தம் 1,900. கடைப்பெட்டிகளிலும் 1,900. நடுப்பெட்டிகள் 19, ஒவ்வொன்றிலும் 10 × 10 புள்ளிகள், அதுவும் 1,900. ஆக 5,700. சதுரப் பலகைக்கு வேண்டியது 10,000 அல்லவா? ஏறத்தாழப் பாதி மிச்சம். வழிகள் 10,000 ஆனால் (ந = 100, ம = 199) புள்ளிகள் 59,70,000. சதுரப் பலகையின் 10 கோடியோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஆறு பங்குதான். தடையோ துளியும் இல்லை!

கண்ணாடி இழையில் நிறங்கள்

இனி ஒளிக்கு வருவோம். 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், கண்ணாடியில் கலந்துள்ள மாசுகளை நீக்கினால் அதன் வழியே செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று காட்டினார்கள். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையைச் செய்தனர். காவோ 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

ஓர் இழையில் ஒரு நிற ஒளி மட்டுந்தான் போக வேண்டும் என்பதில்லை. பல நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் சேர்ந்தே செல்லும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் உள்ளவற்றையும் 'நிறம்' என்றே இங்கே சொல்கிறோம். இவற்றை எண்ணுவதற்கு 193.1 டெராஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணை அடையாளக் கல்லாகக் கொண்டுள்ளனர். ஒளியின் திசைவேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் சுமார் 1552.5 நானோமீட்டர் என்று வரும்.

நெடுங்காலம் ஒவ்வொரு நிறத்துக்கும் 50 கிகாஹெர்ட்ஸ் அகலம் என்று சமமாகப் பங்கிட்டு வந்தார்கள். ஏறத்தாழ 4.8 டெராஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் 96 நிறங்கள் அடங்கும். ஆனால் எல்லார் தேவையும் சமமா? நொடிக்கு 1,000 கோடி பிட் அனுப்பும் பழைய ஒளிக்கு 50 கிகாஹெர்ட்ஸ் தாராளம், மிச்சம் வீண். நொடிக்கு 40,000 கோடி பிட் அனுப்பும் இன்றைய ஒளியோ பல அமைப்புகளில் 75 கிகாஹெர்ட்ஸ் கேட்கிறது. 50இல் அது நுழையாது. இரண்டு பங்கு சேர்த்து 100 கொடுத்தால் 25 வீண்.

'அகலத்தைத் தேவைக்கேற்ப வெட்டிக் கொடுத்தால் என்ன?' என்ற எண்ணத்தை ஜப்பானில் என்.டி.டி. நிறுவனத்தின் ஆய்வாளர் மசாஹிகோ ஜின்னோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் விரிவாக வெளியிட்டார்கள். துணிக்கடையில் ஆயத்த ஆடை வாங்குவதற்கும் அளவெடுத்துத் தைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. 2012இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கான அளவை வகுத்தது. அதன்படி அகலம் 12.5 கிகாஹெர்ட்ஸின் மடங்காக இருக்கலாம். அலைநீளக் கணக்கில் இது ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு! இந்த 12.5 கிகாஹெர்ட்ஸ் துண்டை ஒரு 'கட்டம்' என்போம். நமது 4.8 டெராஹெர்ட்ஸ் பட்டையில் 384 கட்டங்கள் உண்டு. ஒருவருக்கு 1 கட்டம், ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 6 என்று கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: ஓர் இணைப்புக்குரிய கட்டங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வலையைத்தான் 'நெகிழ் ஒளிவலை' என்கிறோம்.

சந்தியின் உள்ளே

பல ஊர்களிலிருந்து வரும் இழைகள் கூடும் இடம் 'சந்தி'. ஓர் இழையில் வரும் ஒளிகளுள் சில கிழக்கே போக வேண்டும், சில தெற்கே போக வேண்டும். இவற்றைப் பிரித்து அனுப்புவது அலைநீளத் தேர்வுச் சுவிட்ச். இதன் உள்ளே முதலில் ஒரு கீற்றணி இருக்கிறது. முப்பட்டகம் வெள்ளொளியைப் பிரிப்பதுபோல இது நிறங்களை வரிசையாக விரித்து வைக்கிறது. விரிந்த நிறங்கள் ஒரு சிறு திரையின் மேல் விழுகின்றன. சிலிக்கன் தகட்டின் மேல் நீர்மப் படிகம் பூசிய திரை அது. பல்லாயிரம் நுண்புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் ஒளியலையைச் சற்றே தாமதப்படுத்தும். தாமதத்தைப் புள்ளிக்குப் புள்ளி சீராக மாற்றினால், ஒளி சாய்ந்த கண்ணாடியில் பட்டதுபோலத் திசை மாறும். எந்தத் திசையில் சாய்க்கிறோமோ அந்தத் திசையில் உள்ள இழைக்குள் போய்ச் சேரும்.

நெகிழ்ச்சியும் இங்கேதான் பிறக்கிறது. அகலமான ஒளிக்கு அதிகப் புள்ளி வரிசைகளையும், குறுகிய ஒளிக்குக் குறைந்த வரிசைகளையும் ஒதுக்கினால் போதும். எந்தப் பாகத்தையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சுவிட்ச் ஒளியின் திசையை மாற்றும், நிறத்தை மாற்றாது. நிறத்தை மாற்றப் பெரும்பாலும் ஒளியை மின்குறியாக்கி, மீண்டும் வேறு நிற ஒளியாக்க வேண்டியிருக்கிறது. அதற்குச் செலவு மிகுதி. ஆகவே 1 முதல் 4 வரையுள்ள கட்டங்களில் வந்த ஒளி, அதே கட்டங்களில்தான் வெளியே போக வேண்டும்.

அரங்கும் இருக்கையும்

இத்தகைய ஒளிச்சந்தியைக் குளோஸின் மூன்று அடுக்குகளால் கட்டுவோம். கம்பிக்குப் பதில் இழை. ஒவ்வோர் இழையிலும் பல கட்டங்கள். நடுப்பெட்டிகள் 2ந − 1 இருந்தால் போதுமா?

ஒரே வளாகத்தில் பல திரையரங்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே படம். உங்கள் டிக்கெட்டில் இருக்கை எண் உண்டு. எந்த அரங்கு என்பது மட்டும் இல்லை. இருக்கை எண்தான் கட்டம்; அரங்குதான் நடுப்பெட்டி. நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று 1, 2, 3, 4 என்ற இருக்கைகளுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறது. நால்வரும் ஒரே அரங்கில்தான் உட்கார வேண்டும். இவர்களுக்கு முன்பு தனித்தனி ஆட்கள் நால்வர் வந்தார்கள். அவர்கள் எண்கள் முறையே 1, 2, 3, 4. அவர்கள் நால்வரும் முதல் அரங்கிலேயே அமர்ந்திருந்தால் ஓர் அரங்கு மட்டுமே குடும்பத்துக்கு உதவாமல் போகும். ஆனால் ஆளுக்கோர் அரங்கில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்! நான்கு அரங்குகளும் கெட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று இருக்கைகள் காலி, ஆனாலும் பயனில்லை.

ஒளிச்சந்தியில் நடப்பதும் இதுவே. தொலைபேசியில் ஓர் அண்டை வழி ஒரு நடுப்பெட்டியைத்தான் கெடுக்க முடியும். இங்கே ஓர் அண்டை இழையில், நாம் கேட்கும் 4 கட்டங்களிலும் தனித்தனியே 4 சிறு இணைப்புகள் இருக்கலாம். அவை நான்கு வெவ்வேறு நடுப்பெட்டிகளுக்குப் பிரிந்து போயிருக்கலாம். ஆகவே ஓர் அண்டை, நான்கு நடுப்பெட்டிகளைக் கெடுக்கும்.

மிக அகலமான இணைப்பு அ கட்டங்கள் கொண்டது என்க. இந்தப் பக்கம் ந − 1 அண்டைகள் கெடுப்பவை (ந − 1) × அ. அந்தப் பக்கமும் அவ்வளவே. ஒன்று மிஞ்ச வேண்டும். எனவே:

ம = 2(ந − 1)அ + 1

அ = 1 என்று போட்டுப் பாருங்கள்; குளோஸின் விடையே திரும்பி வருகிறது. புதிய விதி பழைய விதியைத் தன்னுள் அடக்கியிருப்பது, நாம் சரியான பாதையில் போகிறோம் என்பதற்கு அடையாளம்.

இப்போது ந = 10, அ = 4 என்று கொள்வோம். ம = 2 × 9 × 4 + 1 = 73. தொலைபேசிக்கு 19 போதுமாக இருந்தது, இங்கே 73! புள்ளிகளின் எண்ணிக்கை 3 × 100 × 73 = 21,900. சதுரப் பலகைக்கே 10,000 தானே? சிக்கனத்துக்காக மூன்று அடுக்கு கட்டப் போய், செலவு இருமடங்குக்கு மேல் ஆகிவிட்டது. நெகிழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை இது.

கட்டுப்பாட்டினால் வரும் இலாபம்

விலையைக் குறைக்க வழி உண்டா? திரையரங்கு மேலாளர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். தனியாக வருவோருக்குச் சில அரங்குகள், குடும்பங்களுக்குச் சில அரங்குகள் என்று ஒதுக்கிவிடுவார். அத்துடன், குடும்பத்துக்குரிய இருக்கைகள் 1, 5, 9, 13 என்ற எண்களில்தான் தொடங்க வேண்டும் என்று டிக்கெட் கொடுக்குமிடத்திலேயே சொல்லிவிடுவார். அப்போது ஒரு குடும்பத்தின் இடம் மற்றொரு குடும்பத்தின் இடத்தோடு பாதி பாதியாக மோதாது. மோதினால் முழுவதுமாக மோதும், இல்லாவிட்டால் மோதவே மோதாது.

இதே ஒழுங்கைச் சந்தியில் வைப்போம். எளிமைக்காக இணைப்புகள் 1 கட்டம் அல்லது 4 கட்டம் என்ற இரண்டே வகை என்று கொள்வோம். ஒரு கட்ட இணைப்புகளுக்கென ஒதுக்கிய நடுப்பெட்டிகளில் அவற்றைக் கெடுப்பவை ஒரு கட்ட இணைப்புகளே. ஓர் அண்டை, ஒன்றைத்தான் கெடுக்கும். ஆகவே 19 போதும். நான்கு கட்ட இணைப்புகளுக்கென ஒதுக்கியவற்றிலும் ஓர் அண்டை, ஒன்றைத்தான் கெடுக்கும், அங்கும் 19. மொத்தம் 38. 73 எங்கே, 38 எங்கே! ஒரு புதிய கருவியும் வாங்கவில்லை. யார் எங்கே போகலாம் என்ற ஒழுங்கு ஒன்றை வைத்தோம், அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஓர் இழையில் 3, 4, 5, 6 ஆகிய கட்டங்கள் காலியாக இருந்தாலும் நான்கு கட்ட இணைப்புக்கு அவற்றைக் கொடுக்க முடியாது. 5இல் அல்லவா தொடங்க வேண்டும்? நெகிழ்ச்சியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, பெட்டிகளில் பாதியை மிச்சம் பிடித்தோம்.

இன்னொரு வழியும் உண்டு. புதிய இணைப்புக்கு இடமில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை வேறு நடுப்பெட்டிகளுக்கு மாற்றி இடம் உண்டாக்கலாம். இதற்கு இசைந்தால் ஒரு கட்ட இணைப்புகளுக்கு 2ந − 1 கூட வேண்டாம்; ந நடுப்பெட்டிகளே போதும் என்பது நிறுவப்பட்ட உண்மை. 19க்குப் பதில் 10! ஆனால் நொடிக்கு 40,000 கோடி பிட் ஏந்திச் செல்லும் ஒளியை ஒரு கணம் பெயர்த்து வைத்தாலும் அந்தக் கணத்தில் எத்தனை பிட்டுகள் சிதறும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே இதைத் தயக்கத்தோடுதான் கையாள வேண்டும்.

உண்மையான சந்திகளில்

நமது கணக்கைக் கொண்டு இன்றைய ஒளிச்சந்திகளைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவற்றில் பலவற்றில் மூன்று அடுக்குகள் இல்லை. ஒவ்வொரு திசையின் தேர்வுச் சுவிட்ச்சும் மற்ற எல்லாத் திசைகளின் சுவிட்ச்சுகளோடும் நேரடியாக இழையால் இணைக்கப்பட்டுள்ளது. ஒரு வகையில் இது பழைய சதுரப் பலகையே. திசைகள் 8 என்றால் 8 × 7 = 56 இணைப்பிழைகள். எண்கள் சிறியவையாக இருக்கும்வரை இதுவே மேல் என்பதை நாம் கண்ட 21,900, 10,000 ஆகிய எண்கள் சொல்கின்றன.

ஆனால் ஒரு தேர்வுச் சுவிட்ச்சுக்கு 20, 32 என்று வாய்கள் ஓர் எல்லைக்குள்தான் இருக்கும். ஊர்களுக்கிடையே இழைகள் பெருகப் பெருக அந்த எல்லை நெருங்குகிறது. வழிகள் 10,000 என்ற பெரிய அளவில், ந = 100, அ = 4 எனக் கொண்டு கணக்கிட்டால் ம = 793; புள்ளிகள் 2,37,90,000. சதுரப் பலகையின் 10 கோடியில் இது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, பெரிய எண்களில் குளோஸ் மீண்டும் வெல்கிறார். அதனால்தான் நெகிழ் ஒளிவலைகளுக்கான பல அடுக்குச் சந்திகளை ஆய்வாளர்கள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். பெரிய கணிப்பொறி நிலையங்களிலோ, பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கக் குளோஸின் அடுக்கு முறை இப்போதே வழக்கத்தில் இருக்கிறது.

நேரடியாக இணைத்த சந்திகளிலும் தடை ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். பல திசைகளிலிருந்து வரும் ஒளி அந்த ஊரிலேயே இறங்குவதற்குப் பொதுவான ஓர் இறங்குபாதை வைத்திருப்பார்கள். வடக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாக ஒரே நிற ஒளிகள் இரண்டு அதே பாதையில் இறங்க முயன்றால் ஒன்று நிற்க வேண்டியதுதான். திசைகள் காலி, வாங்கும் கருவிகளும் காலி, ஆனாலும் தடை. இதை நீக்கத் தனி வகைச் சுவிட்ச்சுகள் செய்யப்பட்டுள்ளன.

ஓர் அழைப்பு தடைபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு நொடிக்கு 64,000 பிட் என்பது பழைய அளவு. நொடிக்கு 40,000 கோடி பிட் ஏந்தும் ஓர் ஒளியை அதனால் வகுத்தால் 62,50,000 வரும். ஓர் ஒளியை மறுப்பது 62 இலட்சத்து 50 ஆயிரம் பேச்சுகளை மறுப்பதற்குச் சமம். இன்னும் ஒன்று: சாலை தோண்டுகையிலோ கடலில் நங்கூரம் இழுபட்டோ ஓர் இழை அறுந்துபோனால், அதில் போன ஒளி அனைத்தையும் உடனே வேறு பாதையில் திருப்ப வேண்டும். மாற்றுப் பாதையில் இழை காலியாக இருக்கும்; சந்தி மட்டும் 'வழியில்லை' என்று சொன்னால் மருத்துவமனையும் வங்கியும் இரயில் முன்பதிவும் காத்துக் கிடக்க வேண்டும். எல்லாம் நெரிசலாக இருக்கும் அந்த நேரம்தான் நாம் எண்ணிப் பார்த்த மிகக் கெட்ட நிலைக்கு மிக அருகில் உள்ள நேரம். அதனால்தான் பொறியாளர் சராசரி நிலையோடு நின்றுவிடாமல் மிகக் கெட்ட நிலையையும் எண்ணிப் பார்க்கிறார்.

செய்து பாருங்கள்

1. தொலைபேசி இணைப்பகம் ஒன்றில் 25 வழிகள் (ந = 5). மூன்று அடுக்கில் எத்தனை புள்ளிகள்? சதுரப் பலகையில் எத்தனை? 36 வழிகளுக்கும் (ந = 6) இதையே கணக்கிடுங்கள். குளோஸின் முறை எங்கே வெல்லத் தொடங்குகிறது?

2. 100 இழைகள் கொண்ட ஒளிச்சந்தியில் பெட்டிக்கு 10க்குப் பதில் 5 இழைகள் வையுங்கள். முதற்பெட்டிகள் 20, கடைப்பெட்டிகள் 20. அ = 4. ஒழுங்கு எதுவும் வைக்காவிட்டால் நடுப்பெட்டிகள் எத்தனை? புள்ளிகள் எத்தனை?

3. கட்டுரையில் கண்ட ஒழுங்கில், நான்கு கட்ட இணைப்புகள் எந்த எண்ணிலும் தொடங்கலாம் என்று விட்டுவிட்டால், ஓர் அண்டை இழை எத்தனை நடுப்பெட்டிகளைக் கெடுக்கும்? ந = 10 ஆனால் மொத்த நடுப்பெட்டிகள் எத்தனை? கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தால் எளிதில் விளங்கும்.

விடைகள்: 1. 25 வழிகளுக்கு 675, 625. 36 வழிகளுக்கு 1,188, 1,296. எனவே 36இல் வெல்கிறது. 2. நடுப்பெட்டிகள் 33, புள்ளிகள் 19,800. 3. நான்கு கட்ட இணைப்புகளுக்குரிய நடுப்பெட்டிகளில் 2. அவற்றுக்கு 37, ஒரு கட்ட இணைப்புகளுக்கு 19, ஆக 56.